காதில்லாத படிக்கட்டு

அந்தப் படிக்கட்டில் யாருக்கும் காது கிடையாது. எங்கும் எழுதி ஒட்டப்பட்ட விதி அல்ல இது. புதிதாக வந்தவரை உட்காரவைத்து எவரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. ஆயினும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய சில நாட்களிலேயே எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். ஒருவர் வீட்டோடு பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் இருப்பவர் தன் செருப்பு வாரைப் பார்க்கலாம்; சுவரில் ஈரம் ஏறியிருக்கும் விதத்தை ஆராயலாம்; இருமலாம். கேட்கக் கூடாது. கேட்டுத் தொலைத்தால், கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

கேட்காமல் இருப்பது அங்கே அத்தனை கடினம் என்பதால்தான் அப்படியொரு விதி பிறந்திருக்க வேண்டும். ஓட்டலுக்குப் பின்புறம், முற்றத்தைத் தாண்டி நின்றது பணியாளர் கட்டடம். கீழ்த்தளத்தில் சலவைக்கூடம், அதன் மேல் ஆண்களின் அறைகள், அதற்கும் மேல் பெண்களுடையவை. விருந்தினர்களுக்காக விடப்பட்டிருந்த ஓட்டலின் வைஃபை, முற்றத்தைக் கடந்து வந்து, அந்த இரு தளங்களுக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்திலிருந்த ஒற்றைச் சன்னலைத் தொட்டுவிட்டு அங்கேயே களைத்து நின்றுவிடும். போனோடு இரண்டடி நகர்ந்தால் மறுமுனையின் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ஆகவே சன்னல் கம்பிகளுக்கு இடையே போனைச் செருகி, ஸ்பீக்கரைப் போட்டு, புகைப்படத்துக்கு நிற்பவர்போல அதன் எதிரே விறைப்பாக நின்று பேசவேண்டும். மூன்று போன்களைச் செருக இடமிருந்தது. சிம்மில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் கூலி கரைந்துவிடும். இங்கே வாய் வலிக்கும்வரை பேசலாம். நிர்வாகத்துக்கு இது தெரியும். எங்களுக்குக் காது கிடையாது என்பதைப்போல அவர்களுக்குக் கண் கிடையாது.

இப்போது அறைக்கு அறை வைஃபை வந்துவிட்டதாகக் கேள்வி. கதவைச் சாத்திக்கொண்டு, காதில் குமிழைச் செருகிக்கொண்டு, போர்வைக்குள் படுத்தபடியே பேசுகிறார்களாம். நல்லதுதான். ஆனால் வீடு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது என் வீடு அல்ல. குளிரில் நீர் பூத்திருந்த அந்தச் சன்னல் கண்ணாடியும், வேலை முடிந்து படியேறி வருகிறவர்களின் உடம்பிலிருந்து கிளம்பும் சோப்புத்தூளும் வெங்காயமும் பாலிஷும் கலந்த வாசனையும், ஒரே நேரத்தில் மூன்று வீட்டு அடுக்களைகள் பேசுகிற சத்தமும்தான்.

எங்களில் முக்கியமானவர் பெட்டிக்காரர். விருந்தினர்களின் பெட்டிகளைத் தூக்குவது அவர் வேலை. மாமியார் வீட்டுக்கோ அவர் மேனேஜர். "ஆமாங்க அத்தை, எனக்குக் கீழ நெறையப் பேரு இருக்காங்க, எல்லாரையும் மேய்க்கணும்" என்பார். அவர் நின்ற படிக்குக் கீழே நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம் என்பதால் அதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்தவர் வெங்காயத்தார். சமையற்கட்டில் நாள் முழுக்க உரிப்பவர். தன் அம்மாவோடு பேசினால் அழுதுவிடுவார். "எழவு வெங்காயம், கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது" என்று துடைத்துக்கொள்வார். வார விடுமுறை நாளிலும் வெங்காயம்தான் காரணம். நாங்கள் ஒப்புக்கொள்வோம்.

ஊசியக்கா ஓட்டலின் கிழிந்த விரிப்புகளையும் பொத்தான் அறுந்த சீருடைகளையும் தைப்பவர். வாய் துடுக்கு அதிகம். பெட்டிக்காரரின் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "மேனேஜர் சார், கொஞ்சம் குனிஞ்சு தூக்குங்க, அடுத்த தடவை தைக்கத் துணி இருக்காது" என்பார். மகனோடு அவர் பேசும்போது மட்டும் அந்தத் துடுக்கு அடங்கிவிடும். மகன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவான். அதற்குப் பிறகும், போனின் வெளிச்சம் அணைந்த பிறகும், "சாப்டியா? ஆமா, அப்படித்தான் செய்யணும்… சரி, ஒடம்பைப் பாத்துக்கோ" என்று அக்கா பேசிக்கொண்டிருப்பார். இதை நாங்கள் யாரும் ஒருபோதும் கவனித்ததில்லை.

ஒருமுறை தோட்டக்காரரிடம் யாரோ, "உங்க தங்கச்சிக்கு அந்த எடம் அமைஞ்சுதா?" என்று நல்ல மனதோடுதான் கேட்டார். அதன்பின் தோட்டக்காரர் படிக்கட்டுப் பக்கமே வரவில்லை. முற்றத்து மழையில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டு திரிந்தார். அதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கற்கவேண்டியதைக் கற்றோம்.

குளிர் ஏறத் தொடங்கிய நாட்களில் வந்து சேர்ந்தவர் உம்காரர். சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் ட்ரையருக்குப் பொறுப்பாளர். ஈர விரிப்புகளை உள்ளே திணிப்பது பெரிய காரியம் அல்ல. மணி அடித்த மறுகணம் வெளியே இழுத்து உதறுவதில்தான் வேலை இருக்கிறது. சற்றுத் தாமதித்தாலும் சூட்டோடு சுருக்கம் விழுந்து, மறுபடி நனைத்துத்தான் ஆகவேண்டும். அதனால் அவர் எங்கே இருந்தாலும், எதைத் தின்றுகொண்டிருந்தாலும், மணிச் சத்தத்துக்கு உடம்பு தானாகத் திரும்பும். மற்ற நேரங்களில் நிதானமான மனிதர். ஊரில் மனைவியும் ஒரே மகளும். மகள் பள்ளியில் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்தப் பெயர் வந்த காரணத்தை விளக்கவேண்டியதில்லை. காது இல்லாத கூட்டம் எப்படி அப்படியொரு பெயரை வைத்தது என்பதைத்தான் விளக்கமுடியாது. அவரைப்போல் உம் கொட்டிக் கேட்கிற மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. வியப்புக்கு ஓர் உம், சந்தேகத்துக்கு ஓர் உம், "அப்பறம்?" என்று முதுகில் தட்டிக் கதையை நடக்கவைக்கிற உம்.

"அப்பா, இன்னிக்கு ஒரு காக்கா வந்துச்சு."

"உம்?"

"எங்க க்ளாசுக்குள்ளயே வந்துச்சு."

"உம்ம்!"

"டீச்சர் டிபன் பாக்ஸ்ல…"

"உம்… உம்…"

"யோவ், கதை கேக்கற கொழந்தை உம் கொட்டும். கதை கேக்கற அப்பனை இப்பத்தான்யா பாக்கறேன்" என்று பெட்டிக்காரர் பிறகு சொன்னார். அது பேச்சின் உள்ளடக்கத்தைப் பற்றியதல்ல, பேசும் முறையைப் பற்றியது. ஆகவே விதிக்கு உட்பட்டது.

ஆனால் அந்த ஸ்பீக்கர்களுக்கு ஒரு குணம் உண்டு. இந்தப் பக்கம் வாய் திறந்தால் அந்தப் பக்கத்துக் குரலை அது அடைத்துவிடும். எங்களில் பழையவர்கள் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டு, எதிர்முனை பேசி முடிக்கும்வரை வாயை இறுக மூடி நிற்கப் பழகியிருந்தோம். உம்காரருக்கு அது தெரியாது. அவர் ஒவ்வொரு முறை உம் கொட்டும்போதும் மனைவியின் பேச்சில் ஒரு துண்டு காணாமற்போயிற்று. ஓட்டை விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் அவருடைய உம் உட்கார்ந்திருந்தது.

ஒரு மாலை அவர் மனைவி சொன்னது இது. பிற்பாடு கூட்டிச் சேர்த்து நாங்கள் தெரிந்துகொண்டபடி எழுதுகிறேன்:

"நேத்து உங்க அண்ணனும் அண்ணியும் வந்திருந்தாங்க. பாப்பாவை அவங்க வீட்லயே வெச்சுப் படிக்க வெக்கறாங்களாம். அவங்களுக்கும் கொழந்தை இல்லையா, இனி பாப்பா அங்கேயே இருக்கட்டும்னு கேக்கறாங்க. லீவுலயே கூட்டிட்டுப் போய்ப் பழக்கிட்டா, லீவு முடிஞ்சு அங்கேயே பள்ளிக்கூடத்துல சேத்துடலாமாம். உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். எனக்கு மனசே இல்லைங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

உம்காரருக்கு வந்து சேர்ந்தது இது:

"நேத்து உங்க அண்ணனும் அண்ணியும் வந்திருந்தாங்க. பாப்பாவை… அவங்களுக்கும் கொழந்தை இல்லையா… லீவுலயே கூட்டிட்டுப் போய்… உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன்… நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் சிரித்தார். "இதுல கேக்க என்னம்மா இருக்கு? கூட்டிட்டுப் போகட்டும். நம்ம அண்ணன் வீடுதானே. அவளுக்கும் நல்லதுதான்."

மறுமுனை சற்று நேரம் பேசவில்லை. தூரத்து அழைப்புகளில் அப்படித் தாமதம் விழுவது வழக்கம் என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "சரிங்க" என்றது குரல். லீவுக்கு மகள் பெரியப்பா வீட்டுக்குப் போகிறாள் என்ற மகிழ்ச்சியோடு அவர் படியிறங்கிப் போனார்.

வேண்டாம் என்ற சொல் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரமுடியாது. உம்காரரை வெளிநாட்டுக்கு அனுப்ப அலைந்தவர் அந்த அண்ணன்தான். அவள் மறுத்தால் பெரியவர் பேச்சைத் தட்டியவள் ஆவாள். இவர் மறுத்தால் அது அண்ணன் தம்பிக்குள் நடக்கிற பேச்சு. அந்த ஒரு "வேணாம்" இவரிடமிருந்து வரும் என்று நம்பித்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

அடுத்த நாள் ஊசியக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதே. இங்க நின்னு உம் கொட்டாதே. நீ உம்முன்னா அவ பேசறது அறுந்துடும்."

"உம் கொட்டலைன்னா நான் கேக்கலைன்னு நெனப்பாளே அக்கா."

"நெனச்சா நெனக்கட்டும். பழகிடுவா. வாயை மூடிக்கிட்டு முழுசாக் கேளு, அப்பறம் பேசு. எங்களுக்கெல்லாம் அப்படித்தான் பழக்கம்."

"அப்ப இத்தனை நாளா அறுந்து அறுந்தா கேட்டுட்டு இருந்தேன்?" அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பெட்டிக்காரர், "அறுந்த துணியைப் பாத்தா அக்காவுக்குக் கை பொறுக்காது, அதான் சொல்லுது" என்று இடையில் புகுந்தார். சிரிப்பில் அந்தக் கேள்வி கரைந்துபோயிற்று.

உம்காரர் சொன்னதைச் செய்கிற மனிதர். அன்று முதல் உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மனைவி பேசுவாள், நிறுத்துவாள். அங்கே ஓர் உம்முக்காகக் காத்திருப்பது எங்களுக்கே தெரியும். வராது. பிறகு, "இருக்கீங்களா?" என்பாள்.

"இருக்கேம்மா, சொல்லு."

"ஒண்ணுமில்ல." சற்றுக் கழித்து, "பாப்பாவுக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன். பெரிய பைதான் வேணும்போல."

"பெரிய பையா? அதெல்லாம் எதுக்கு? ரெண்டு செட்டு போதும். மிச்சம் அங்க அண்ணியே எடுத்துக் குடுப்பாங்க."

"…அவளோட அந்தப் பொம்மையையும் வெக்கட்டுமா?"

"வெச்சுவிடு. வேணும்னு அழுதா அவங்க எங்க போவாங்க."

லீவுக்குப் போகிற குழந்தைக்கு ஒரு தகப்பன் சொல்லக்கூடியவைதாம் இவை. போனவள் திரும்ப மாட்டாள் என்று அறிந்த தாய்க்கு இவை எப்படிக் கேட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க இன்றும் கூச்சமாக இருக்கிறது. சம்மதம் கேட்ட நாள் வரை உம் கொட்டிக்கொண்டிருந்தவர், அதன் மறுநாளிலிருந்து வாயை மூடிக்கொண்டார். தனக்கு மனசில்லை என்று சொன்னதில் கோபமாக இருக்கிறார் என்றே அவள் முடிவு கட்டினாள்.

அந்த வாரம் ஓட்டலில் ஏதோ பெரிய விருந்து. மேசை விரிப்புகள் மலைபோல வந்து விழுந்தன. சலவைக்கூடத்தின் நீராவி படிக்கட்டுவரை ஏறி, சுவர்களை வியர்க்கவைத்தது. வேலைக்கு இடையில் கிடைத்த சிறு ஓய்வில், ஒரு கையில் ரொட்டியும் அவித்த முட்டையுமாக உம்காரர் சன்னலுக்கு வந்து மனைவியை அழைத்தார். கீழ்ப்படியில் ஊசியக்கா டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரரும் வெங்காயத்தாரும் முறைக்குக் காத்திருந்தார்கள். மனைவி பேசத் தொடங்கிய கணத்தில் கீழே மணி அடித்தது.

"ஒரு நிமிஷம்மா, இதோ வந்துட்டேன்!" என்று, போனைக் கம்பியிலேயே விட்டுவிட்டு, படியில் பாதி இறங்கியபின் கத்தியபடி அவர் ஓடினார். பேசிக்கொண்டிருந்தவளுக்கு அது போய்ச் சேரவில்லை. அவர் நிற்கிறார், வழக்கம்போல வாய்மூடிக் கேட்கிறார் என்றே அவள் நினைத்திருக்க வேண்டும். யாருமற்ற சன்னலைப் பார்த்துக் குரல் சொல்லிக்கொண்டே போயிற்று.

"பேசாம நிக்கறீங்க. தெரியும். உம் கூடக் கொட்ட மாட்டேங்கறீங்க. நான் மனசில்லாம அனுப்பறேன்னு உங்களுக்குக் கோவம். இன்னிக்கு டீசி வாங்கிட்டேங்க. டீச்சர் கேட்டாங்க, ஏம்மா, இருக்கறது ஒண்ணு, அதையும் தூக்கிக் குடுத்துட்டு வீட்ல என்ன பண்ணப் போறேன்னு. அவங்க அப்பா சொல்லிட்டாருங்க, அவளுக்கு நல்லதாம்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? லீவுக்கு லீவு அனுப்புவாங்களாம், நம்ம புள்ளைய நம்ம வீட்டுக்கு. வெளையாட்டு இல்லைங்க இது. நீங்க ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. அப்பறம் நான் யாருக்கு வேணும்னாலும் பதில் சொல்லிக்கறேன்."

பிறகு அழுகை. பிறகு ஒரு நீண்ட இரைச்சல். அழைப்பு அறுந்துபோனது.

கைகளில் நீராவி படிந்திருக்க உம்காரர் படியேறி வந்தார். "ஹலோ, சொல்லும்மா… ஹலோ?" போனை எடுத்துப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பெட்டிக்காரர் காலணியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வெங்காயத்தார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"நான் போனதுமே கட்டாயிடுச்சாக்கா?"

ஊசியக்கா டீக் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார்: "தெரியல தம்பி. நான் கவனிக்கல."

மறுநாள், கிழிந்த விரிப்புகள் குவிந்திருந்த தையலறைக்குப் பெட்டிக்காரர் சீருடைச் சட்டையில் அறுந்துபோன தோள்பட்டியைத் தைத்துவாங்க வந்தார். நானும் இருந்தேன். ஊசியக்கா அன்று தைத்ததையே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி, அவன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"எதை?"

"நடிக்காதே. நீயும்தானே அங்க இருந்தே."

"இருந்தேன். காது இல்லாம இருந்தேன்."

"அவன் லீவுக்குன்னு நெனச்சுட்டு இருக்கான்டா. சந்தோஷமா பொம்மையை வெச்சுவிடுன்னு சொல்லிட்டு இருக்கான். அங்க ஒருத்தி ராத்திரி பகலா அழுதுட்டு இருக்கா."

"அக்கா, நல்லா யோசிச்சுக்கோ. நீ சொன்னா அவன் என்ன கேப்பான்? உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். அப்ப எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தீங்களான்னு கேப்பான். ஒரு காது தொறந்தா எல்லாக் காதும் தொறந்துடும். அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எங்க அத்தைகிட்ட மேனேஜர்னு பேசறது?"

"உன் மேனேஜர் வேலை போனாப் போகட்டும்."

பெட்டிக்காரர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "என்னோடது மட்டுமாக்கா போகும்?" என்றார்.

அக்காவின் கை நின்றது. அப்புறம் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை அவர் மடியில் எறிந்தார். "போ. தைச்சாச்சு."

புருஷன் பெண்டாட்டி விஷயம், தானாகத் தெளிந்துவிடும் என்று நாங்கள் ஆளுக்கு ஆள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். உம்காரர் மறுபடி அழைத்தபோது அவள் அழுததைப் பற்றிப் பேசவில்லை; பாப்பா கிளம்பும் நாளை மட்டும் சொன்னாள். அடுத்து வந்த விடுமுறை நாளின் பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போகமுடியாமல் எல்லோரும் படிக்கட்டில்தான் அடைந்து கிடந்தோம். தோட்டக்காரர்கூட நனைந்த போனோடு கீழ்ப்படியில் ஒதுங்கி நின்றார். உம்காரர் தலை வாரி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "இன்னிக்குப் பாப்பா கெளம்பறா. அண்ணன் வண்டி எடுத்துட்டு வந்திருக்காரு. வழியனுப்பிட்டு வந்துடறேன்" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனைச் செருகினார்.

முதலில் மகள்தான் பேசினாள். யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் குரல். உம்காரர் உதட்டை மடித்துக்கொண்டு கேட்டார். ஒரு சொல்கூடச் சிதறாமல் வந்து விழுந்தது.

"அப்பா, நான் பெரியப்பா வீட்ல சமத்தா இருப்பேன். புது ஸ்கூல்ல நல்லாப் படிப்பேன். அம்மாவைத் தேடி அழமாட்டேன். லீவுக்கு நம்ம வீட்டுக்கு வருவேன்."

அவர் போனுக்கு இன்னும் நெருங்கினார். மழை சன்னலில் அடித்தது.

"என்ன கண்ணு சொன்னே? லீவுக்குத்தானே அங்க போறே?"

"இல்லப்பா, லீவுக்கு இங்க வருவேன்."

"அம்மாகிட்ட குடு. குடு அம்மாகிட்ட!" குரல் உடைந்து உயர்ந்தது. "ஏம்மா, என்ன சொல்றா இவ? எந்த ஸ்கூல்? லீவுக்குன்னுதானே சொன்னே?"

தாமதம். பிறகு அவள்: "லீவுக்கா? நான் அப்படிச் சொன்னேனா?"

"வேணாம்மா. அனுப்பாதே. எனக்குத் தெரியாது, நான் லீவுக்குன்னு நெனச்சுட்டு…"

"இப்ப சொன்னா எப்படிங்க?" அவள் அழவில்லை, அழுது முடித்தவர்களின் வறண்ட குரல் அது. "பை வண்டியில ஏறியாச்சு. அன்னிக்கு எல்லாத்தையும் சொல்லித்தானே கேட்டேன்? உம் உம்முன்னு கேட்டுட்டுத்தானே நல்லதுன்னீங்க? கேக்காமலா ஒருத்தர் அத்தனை உம் கொட்டுவாங்க?"

"கேக்கலடி! அந்த உம்தான்… உம் கொட்டினா இங்க கேக்காது…" தான் சொல்வது எத்தனை அபத்தமாக ஒலிக்கிறது என்று அவருக்கே தெரிந்து, வார்த்தை தடுமாறி நின்றது.

போன் கை மாறியது. அண்ணன். "என்னடா பேசற நீ? உம் கொட்டினா கேக்காதாமா? ஊருல கேட்டா சிரிப்பாங்க. பொண்டாட்டி கண்ணைக் கசக்கினதும் பேச்சை மாத்தறியா? குடுக்க இஷ்டம் இல்லைன்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும். இவளே சொல்லிக் குடுத்து உன்னை இப்படிப் பேச வெக்கறாளா?"

"இல்லண்ணே! சத்தியமா இல்லண்ணே. அவ ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான்…"

அவர் திரும்பினார். படி படியாக எங்களைப் பார்த்தார். "இங்க… இங்க இருந்தவங்க…" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். எதைக் கேட்கக்கூடாதோ அதைக் கேட்டுவிட்ட வெட்கத்தில் அவர் தலை குனிந்தது. நாங்களும் குனிந்தோம். செருப்பு வார்களும் சுவரின் ஈரமும் என்றைக்கும்போல இருந்தன. போனுக்குள் ஒரு வண்டியின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ஊசியக்கா எழுந்தார். முட்டி வலிக்காரர், கைப்பிடியைப் பிடித்து, எங்கள் கால்களுக்கு நடுவே இடம் பார்த்து வைத்து, சன்னல்வரை ஏறி, உம்காரரைத் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுப் போனுக்கு எதிரே நின்றார்.

"ஐயா, பெரியவரே, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. உங்க தம்பி பொய் சொல்லல. அன்னிக்கு அந்தப் பொண்ணு பேசினப்ப நான் பக்கத்துல இருந்தேன். இவன் உம் கொட்டக் கொட்ட அவ பேச்சு அறுந்து அறுந்துதான் வந்துச்சு. அங்கேயே படிக்க வெக்கறதுங்கற பேச்சு இந்தப் பக்கம் வந்து சேரவே இல்ல. நான்தான் இவன்கிட்ட இனிமே உம் கொட்டாதேன்னு சொன்னேன். கோவத்துல பேசாம நிக்கல இவன், நான் சொல்லி நின்னான்."

தாமதம். பெட்டிக்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

தூரத்தில், போனிலிருந்து விலகிய இடத்தில், அவள் குரல்: "அப்ப நான் அன்னிக்கு அழுது சொன்னதுகூட அவருக்குக் கேக்கலையா?"

"கேக்கலைம்மா. மணி அடிச்சுதுன்னு துணியெடுக்க ஓடிட்டான். நீ ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லுங்கன்னு கெஞ்சினது எனக்குத்தான் கேட்டுச்சு. இதோ சொல்றான் பாரு, அப்போலேர்ந்து வேணாம் வேணாம்னுதான் சொல்லிட்டு இருக்கான்."

"மாமா, அந்தப் பையை எறக்கிடுங்க" என்றாள் அவள். அவ்வளவு நாளும் எங்கள் சன்னலுக்கு வந்திராத உறுதியோடு சொன்னாள்.

"இரும்மா நீ." அண்ணனின் குரல் மறுபடியும் அருகில் வந்து இரைந்தது. "யாரும்மா நீ? எங்க வீட்டுக்குள்ள பேசறது உனக்கு எப்படித் தெரியும்?"

ஊசியக்கா ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு போனை நோக்கிக் குனிந்து, கீழ்ப்படிவரை கேட்கும்படி சொன்னார்:

"கேட்டேங்க. தினமும் கேட்டேன். இந்தப் படிக்கட்டுல எல்லாருக்கும் எல்லாமே கேக்கும்."